சரக்குக்குப் பிறந்த வீடு எது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கடலை ஒட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் வரிசை காசிமேடு ஜீரோ கேட்டில் போய் முடிகிறது. துறைமுகத்திலிருந்து வெளியே வரும் கண்டெய்னர் பெட்டிகள் திருவொற்றியூர், மணலி, மாதவரம் வட்டாரத்து சி.எஃப்.எஸ். என்ற கண்டெய்னர் கிடங்குகளில் இறங்குகின்றன. அங்கே சீலை உடைத்துப் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், எடை போடுவார்கள். எந்தத் தராசிலும் நிற்காத கேள்வி ஒன்று மட்டும் மிச்சமிருக்கும்: உள்ளே இருக்கும் பொருள் எந்த நாட்டில் பிறந்தது?

ஏறி வந்த துறைமுகத்தைச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பினாங்கில் கப்பல் ஏறிய சரக்கு பினாங்கில் பிறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிறந்த வீடு வேறு, புகுந்த வீடு வேறு. தடையற்ற வணிக ஒப்பந்தங்களின் வரிச்சலுகை பிறந்த வீட்டுக்குத்தான். சீனாவில் செய்த வால்வுக்கு ஒரு வரி. அதே வால்வு மலேசியாவில் செய்தது என்றால் அதைவிடக் குறைந்த வரி, சில சமயம் வரியே இல்லை. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கும் தாளுக்குப் பெயர் பிறப்பிடச் சான்றிதழ். துறைமுகத் தெருவில் எல்லோருக்கும் அது சி.ஓ.ஓ.

அந்தத் தாள் பொய்யானால் யார் தலையில் விடியும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மிளகு போட்ட சுற்று

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தென்னாசியாவில் இரு நாடுகள் செய்துகொண்ட முதல் பெரிய வரிச்சலுகை ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. அதன் பலன்களையும் ஓட்டைகளையும் மிளகைப்போலக் காட்டிக்கொடுத்த பொருள் வேறில்லை.

மிளகுக்கு இந்தியா விதித்த பொது இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தத்தில் அது ஒரு சிறப்புப் பொருள் என்பதால், வியட்நாமிலிருந்து நேராக வந்தாலும் 50 சதவீதத்தை ஒட்டி வரி கட்ட வேண்டியிருந்தது. தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதியான சாஃப்டாவின் கீழ் வந்தால் 8 சதவீதம். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம், விலையும் மலிவு. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கும் எந்த வியாபாரிக்கும் கொழும்பு கண்ணில் படாமல் போகாது.

பட்டது. மறுஏற்றுமதிக்கென்று வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கியது. இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. குடகிலும் கேரளத்திலும் விலை சரிந்தபோது மிளகு விவசாயிகளின் அமைப்புகள் கொதித்தெழுந்தன. இதில் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். விளைபொருளுக்குப் பிறப்பிட விதி மிக எளிது: முழுக்க அந்த நாட்டு மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும். தூற்றுவதும், சலிப்பதும், புதுச் சாக்கில் கட்டுவதும் மிளகின் பிறப்பை மாற்றாது. எனவே அது விதியின் நெளிவுசுளிவில் நுழைந்த சாமர்த்தியம் இல்லை. தாளில் எழுதிய பொய்.

2017 டிசம்பர் 6 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கட்டியது. 2018 மார்ச்சில் அந்த விலைக்குக் கீழே இறக்குமதியையே தடைசெய்தது. அதன் பிறகு நடந்தது இன்னொரு கூத்து. அதுவரை விலையைக் குறைத்துக் காட்டுவார்கள் என்று பயந்த சுங்கத்துறை, இப்போது விலையை ஏற்றிக் காட்டும் இன்வாய்ஸ்களைத் துரத்த வேண்டியதாயிற்று. 300 ரூபாய் மிளகுக்கு 500 ரூபாய் என்று பில் போட்டால் தடை தாண்டிவிடும்; கூடுதலாக அனுப்பிய டாலர் வேறு வழியில் திரும்பி வரும்.

பாதிக்கப்பட்டது இந்திய விவசாயி மட்டுமில்லை. மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு காரத்துக்கும் எண்ணெய்ச் சத்துக்கும் பேர்போனது. சாறெடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்கும். அந்தப் பெயரில் வேற்று மிளகு போனதால் இலங்கை விவசாயிக்கும் அடி விழுந்தது. 2019 டிசம்பரில் இலங்கை அரசு மிளகு, கொட்டைப்பாக்கு முதலியவற்றை மறுஏற்றுமதிக்காக இறக்குவதைத் தடைசெய்ததன் பின்னணி இதுதான். பாக்கின் கதையும் ஏறக்குறைய மிளகின் கதையே. அதற்கு இந்தியாவில் பொது வரி 100 சதவீதம். இந்தோனேசியப் பாக்கு இலங்கைப் பாக்காக மாறினால் அந்த நூறு முழுக்க மிச்சம்.

இளைத்த மூலப்பொருள், கொழுத்த மதிப்பு

மிளகுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். தொழிற்சாலையில் செய்த பொருளில் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு அதே இலங்கை ஒப்பந்தம் தரும் பாடம் செம்பு.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கில் வனஸ்பதியும் செம்பும் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இலங்கையில் பாமாயில் மரமோ செம்புச் சுரங்கமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் அங்கே பாமாயிலுக்கும் பழைய செம்புக்கும் இறக்குமதி வரி குறைவு, இந்தியாவில் அதிகம். இந்திய முதலீட்டாளர்களே அங்கே போய் ஆலை வைத்தார்கள். பாமாயிலை வனஸ்பதியாக்கி, பழைய செம்பை உருக்கிக் கம்பியாக்கி, இந்தியாவுக்கே வரியில்லாமல் அனுப்பினார்கள்.

இது குற்றமா? விதிப்படி செய்தால் இல்லை. விதி கேட்டது இரண்டு: மூலப்பொருளின் நான்கிலக்கச் சுங்கத் தலைப்பு மாறியிருக்க வேண்டும், இலங்கையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு கூடியிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் கலந்திருந்தால் உள்நாட்டில் 25 சதவீதம் போதும். தகராறு இந்த 35-இல்தான் வந்தது.

கணக்கைப் பார்க்கலாம். ஏற்றுமதி விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய செம்புக்கு 60 கொடுத்ததாக இன்வாய்ஸ் காட்டினால் மதிப்புக் கூட்டல் 40, சலுகை உண்டு. அதே செம்பின் லண்டன் உலோகச் சந்தை விலையை ஒட்டிய மதிப்பு 80 என்றால் கூட்டல் வெறும் 20, சலுகை கிடையாது. ஆலையில் வேலை ஒன்றுதான், உலையும் ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் மூலப்பொருள் இளைத்தால் மதிப்புக் கூட்டல் தானாகக் கொழுக்கும். சர்வதேச விலையோடு ஒப்பிட்டால் 35 தேறாது என்பதே இந்தியத் தரப்பின் வாதம். வனஸ்பதிக்குப் பின்னர் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. மிளகின் 2,500 டன்னும், உலர்தேங்காய்த் துருவலின் 500 டன்னும் அதே வரிசையில் வந்த கட்டுகள்தாம்.

இந்த வித்தை தெற்காசியாவின் தனிச்சொத்து இல்லை. சீன மிதிவண்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 48.5 சதவீதப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டிருந்தது. வரி போட்ட பிறகு இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனிசியா வழியாக மிதிவண்டிகள் வரத் தொடங்கவே, விசாரித்து 2013 மே மாதம் அந்த வரியை இந்த நான்கு நாடுகளுக்கும் நீட்டியது. சீன உதிரிகளை அங்கே கொண்டுபோய்ப் பூட்டி அனுப்பியதும் அந்த விசாரணையில் வெளிவந்தது.

சட்டத்துக்குள்ளேயே ஓட்டை இருந்த சம்பவமும் உண்டு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும், தங்கத்தின் மீது அதுவரை தடுப்புச் சுவராக நின்ற 12.5 சதவீத ஈடுகட்டு வரி மறைந்தது. தென்கொரிய ஒப்பந்தத்தின் கீழ் அடிப்படை வரி பூஜ்யம். 2016–17 முழு ஆண்டிலும் கொரியாவிலிருந்து ஏறக்குறைய 7 கோடி டாலர் தங்கம் வந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 3 வரையிலான ஐந்தே வாரத்தில் வந்தது சுமார் 34 கோடி டாலர். ஆகஸ்ட் 25 அன்று அரசு கதவைச் சாத்தியது. ஒரு நாட்டிலிருந்து ஒரு பொருளின் வரத்து இப்படித் திடீரென்று எகிறினால் அதிகாரிகள் அந்தப் பொருளின் பழைய பில்களையும் தோண்டுவார்கள். நேர்மையாக இறக்கியவர் கோப்பும் அந்தக் குவியலில் இருக்கும்.

காரோட்டார்

முன்பெல்லாம் இறக்குமதியாளரின் பதில் ஒரே வரி: "சர்டிபிகேட் இருக்கு சார்." அரசாங்க முத்திரை வைத்த தாள், கொடுத்தது வெளிநாட்டு அரசு, சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல வழக்குகளில் இந்தப் பதில் எடுபடவும் செய்தது.

2020 பட்ஜெட்டில் அந்தக் கதவு மூடப்பட்டது. ஒப்பந்தச் சலுகைகளைத் தகுதியில்லாமல் கோருவது உள்நாட்டுத் தொழிலுக்கு ஆபத்தாகிவிட்டது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையிலேயே சொன்னார். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற புதுப் பிரிவு நுழைந்தது. அதன் கீழ் 2020 ஆகஸ்ட் 21-இல் அறிவிக்கப்பட்டு செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பிட விதிகளின் சுருக்கப் பெயர் காரோட்டார் (CAROTAR). 'கார் ஓட்டார்' என்று பிரித்தால் வண்டி ஓட்ட மறுப்பவர் என்று பொருள் வரும். கிளியரிங் ஏஜென்டுகளின் அன்றைய மனநிலைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

புதுச் சட்டத்தின் சாரத்தை இப்படிச் சொல்லலாம். சான்றிதழைக் கொடுத்துவிட்டதாலேயே இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எந்த மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது, மதிப்புக் கூட்டல் எவ்வளவு, எந்த விதியின் கீழ் தகுதி பெறுகிறது என்ற தகவலெல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். அது சரிதானா என்று நியாயமான கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும். ஃபார்ம் ஒன் என்ற படிவம் இந்தக் கேள்விகளின் தொகுப்பு. 2025-இல் 'பிறப்பிடச் சான்றிதழ்' என்ற சொல்லை மாற்றிப் 'பிறப்பிடச் சான்று' என்று விரித்தார்கள். ஏற்றுமதியாளரே சுயமாக அறிவிக்கும் முறைக்கும் இடம்தரும் மாற்றம் அது. அரசு முத்திரையும் இல்லாத தாள் வரும்போது இங்கிருப்பவரின் சுமை கூடத்தான் செய்யும்.

ஒரு வால்வைப் பிரித்துப் பார்த்தால்

எர்ணாவூரில் ஒருவர் தொழிற்சாலைகளுக்கு வால்வு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவிலிருந்து மாதம் ஒரு பெட்டி இறக்குகிறார். ஆசியான் ஒப்பந்தப்படி அவர் சரக்குக்கு இரண்டு சோதனை. இரண்டிலும் தேற வேண்டும். ஒன்று, வெளி மூலப்பொருளின் ஆறிலக்கச் சுங்கக் குறியீடு மாறியிருக்க வேண்டும். வால்வு உதிரிகள் 8481.90, முழு வால்வு 8481.80, எனவே உதிரியாக வந்து வால்வாகப் போனால் குறியீட்டுச் சோதனை தேறிவிடும். இரண்டு, ஏற்றுமதி விலை 100 என்றால் வெளி மூலப்பொருள் 65-ஐத் தாண்டக் கூடாது. இவற்றுக்கும் மேலே ஒரு தடை உண்டு: வெறுமே பூட்டுவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது மாதிரியான சில்லறை வேலைகளால் பிறப்பிடம் கிடைக்காது.

முதல் ஆண்டில் அந்த மலேசிய ஆலை சீன வார்ப்பு 52-க்கும் கொரிய சீல் 6-க்கும் வாங்குகிறது. கடைசல், துளையிடல், சோதனை எல்லாம் தன் பட்டறையில். வெளிச்சரக்கு 58, தேறியது. கொரியாவோடும் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறதே என்று அந்த ஆறை உள்சரக்கில் சேர்க்க முடியாது. அது வேறு ஒப்பந்தம், வேறு கணக்கு. ஆசியான் நாட்டுச் சரக்கும் இந்தியச் சரக்கும்தான் இங்கே உள்ளூர்.

மூன்றாம் ஆண்டில் ஆலைக்காரர் கடைசல் பிரிவை மூடிவிடுகிறார். சீனாவிலிருந்து முழுசாகக் கடைந்த உடலை 71-க்கு வாங்கிப் பூட்டி அனுப்புகிறார். விலைப்பட்டியல் மாறவில்லை, பெட்டியின் நிறம் மாறவில்லை, பழைய செலவுக் கணக்கின் பேரில் சான்றிதழும் வந்துகொண்டே இருக்கிறது. எர்ணாவூர்க்காரருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவர் இறக்கும் ஒவ்வொரு பெட்டியும் தகுதியற்ற பெட்டி.

பிறப்பிடக் குற்றம் என்றதும் நினைவுக்கு வருவது கள்ள முத்திரையும் போலிக் கையெழுத்தும்தான். சிறு இறக்குமதியாளர் அதிகம் பயப்பட வேண்டியது இந்த ஓசையில்லாத நழுவலுக்கு. போலித் தாளைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. உண்மையான தாளில் காலாவதியான உண்மை எழுதியிருந்தால் கேட்காமல் தெரியாது.

அட்வான்ஸ் போகும் முன்

கேட்க வேண்டிய நேரம் சரக்கு சி.எஃப்.எஸ்.-இல் இறங்கிய பிறகு அல்ல. பணம் கையைவிட்டுப் போன பின் விற்பவரின் வாட்ஸ்அப் மெதுவாகத்தான் பதில் சொல்லும். வழக்கமான உரையாடல் இப்படிப் போகும் (பி.ஈ. என்பது இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி):

"சி.ஓ.ஓ. வந்துடுச்சுப்பா. பி.ஈ. போட்டுடலாமா?"

"போடலாம் சார். ஃபார்ம் ஒன்னுக்கு டீட்டெயில் வாங்கிட்டீங்களா?"

"கேட்டேன். காஸ்டிங் எல்லாம் எங்க ரகசியம்னு சொல்றாங்க."

"அப்ப குயரி வந்தா நம்ம என்ன சொல்றது சார்?"

விற்பவரின் அந்தப் பதிலில் நியாயமும் உண்டு. தன் லாபம் எவ்வளவு என்று வாங்குபவரிடம் யார் சொல்வார்? அதற்காகப் பேச்சை அங்கேயே விட்டுவிடக் கூடாது. டாலர் கணக்கு வேண்டாம், வெளிச்சரக்கின் சதவீதத்தை எழுத்தில் கேட்கலாம். எந்தெந்தப் பாகம் வெளியிலிருந்து வருகிறது, அதன் ஆறிலக்கக் குறியீடு என்ன, எந்தெந்த வேலை எந்த ஆலையில் நடக்கிறது என்று கேட்கலாம். ஆலை முகவரியும் சில படங்களும் கேட்கலாம். முறை மாறினால் முன்கூட்டியே தெரிவிப்பேன், சரிபார்ப்பு வந்தால் தன் நாட்டு அதிகாரியிடம் முழுக் கணக்கையும் காட்டுவேன், காட்டாமல் இங்கே வரி விழுந்தால் ஈடுகட்டுவேன் என்ற மூன்று வாக்கியங்களைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே சேர்த்துவிடலாம். நிஜமாக உற்பத்தி செய்பவருக்கு இதில் தயக்கம் இருக்காது. தயங்குபவர் பெரும்பாலும் நடுவில் நிற்கும் டிரேடர்.

மேசையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய துப்பறியும் வேலைகளும் சில இருக்கின்றன. பி.எல். எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டில் உள்ள பெட்டி எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் அதன் பயணம் தெரியும். போர்ட் கிளாங்கில் ஏறியதாகச் சொல்லும் பெட்டி பத்து நாள் முன்பு நிங்போவில் நிரப்பப்பட்டிருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. விற்பவரின் சொந்த இணையப் பக்கத்தில் உலைக்களமும் லேத்தும் இருக்கிறதா, அலுவலகச் சோபா மட்டும் இருக்கிறதா என்று பார்க்கலாம். சாம்பிளின் அடிப்பக்கத்து அச்சையும், உள்ளே மடித்து வைத்த கையேட்டின் மொழியையும் பார்க்கலாம். சீன விலையைவிட 'மலேசிய' விலை இரண்டு மூன்று சதவீதம் மட்டும் கூடியிருந்தால், அந்த மூன்று சதவீதம் லேபிளுக்குத்தானா என்று யோசிக்கலாம்.

சென்னைக்கு வரும் சரக்கு கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறுவது சர்வசாதாரணம். அதில் தவறில்லை. இடையில் சுங்கக் கட்டுப்பாட்டை விட்டு வெளியேறாமல், விற்பனைக்குப் போகாமல், இறக்கி ஏற்றியதோடு நின்றிருக்க வேண்டும். ஏறிய இடம் முதல் சென்னை வரை ஒரே பி.எல். இருந்தால் இதைக் காட்டுவது சுலபம். இரண்டு பி.எல். என்றால் நடுவில் நடந்ததற்கு ஆதாரம் தேட வேண்டிவரும்.

தாளிலும் கண் வேண்டும். இன்வாய்ஸ் ஹாங்காங்கிலிருந்து வருகிறதென்றால் ஆசியான் படிவம் அதை அனுமதிக்கிறது. ஆனால் மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பி மூன்று வேலைநாள் கழித்துக் கொடுத்த சான்றிதழில் பின்தேதியிட்டு வழங்கியது என்ற குறிப்பு இருக்க வேண்டும். அடித்தல் திருத்தலுக்கு வழங்கிய அதிகாரியின் ஒப்பம் இல்லாவிட்டால், கட்டம் காலியாக இருந்தால், காலாவதி கடந்திருந்தால், மறுபேச்சின்றிச் சலுகை போய்விடும். இதெல்லாம் பி.ஈ. போடும் முன் ஸ்கேன் காப்பியிலேயே பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியவை.

குயரி வந்தால்

முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8-இல் முதலில் பெங்களூரிலும் சென்னையிலும்தான் தொடங்கியது. சென்னையில் இறங்கிய சரக்கின் பி.ஈ.யை இப்போது வேறேதோ ஊரில் உள்ள அதிகாரி திறந்து பார்க்கிறார். ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்குப் போய் நேரில் விளக்கிவிடலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இங்கே வேலையில்லை. பேச வேண்டியது தாள்தான்.

அதிகாரி தகவல் கேட்டால் 10 வேலைநாளில் கொடுக்க வேண்டும். கேட்ட அன்றுதான் மலேசியாவுக்கு மெயில் தட்டுகிறவருக்கு இந்தப் பத்து நாள் போதாது. திருப்தி இல்லையென்றால் சான்றிதழ் வழங்கிய நாட்டுக்கே சரிபார்ப்புக் கடிதம் போகும். அதன் பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தத்தில் கெடு சொல்லாத இடத்தில் பதிலுக்கு 60 நாள். அதுவரை சரக்கைப் போட்டுவைத்தால் கிடங்கு வாடகையும் பெட்டிக்கான டிடென்ஷனும் ஓடும். வரி வித்தியாசத்துக்கு ஈடான பாதுகாப்புத் தொகையோ பேங்க் கேரண்டியோ கொடுத்துத் தற்காலிகமாக விடுவிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நாள் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே லாபம்.

கிளியர் ஆகிவிட்டது என்பதால் கதை முடிந்ததாகாது. சலுகை கோரிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை சரிபார்ப்புக் கேட்கலாம். ஒரு பெட்டி தகுதியற்றது என்று முடிவானால், அதே உற்பத்தியாளரின் அதே பொருளுக்கு மறுபடி விசாரிக்காமலே சலுகையை மறுக்கவும் அதிகாரம் உண்டு. அந்த ஆலையிலிருந்து வாங்கும் மற்றவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

எர்ணாவூர்க்காரரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்கு மதிப்பு 40 லட்சம். பொது வரி 10 சதவீதம், ஒப்பந்த வரி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால், விட்டுப்போன அடிப்படை வரி 4 லட்சம், அதன்மேல் சமூகநல மிகைவரி 40 ஆயிரம். பெட்டிக்கு 4 லட்சத்து 40 ஆயிரம். மாதம் ஒன்று, நான்கு ஆண்டு, 48 பெட்டி: 2 கோடியே 11 லட்சத்து 20 ஆயிரம். இதன்மேல் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. தெரிந்தே மறைத்தார் என்று தீர்ப்பானால் வரிக்கு ஈடான அபராதம். சரக்கு விற்றுக் காசாகி, வாடிக்கையாளர் அதைப் பொருத்தி, துருவும் பிடித்த பிறகு வரும் பில் இது. அந்த 10 சதவீதத்தை அவர் தன் விலையில் எப்போதோ தள்ளிக்கொடுத்துவிட்டிருப்பார். இனி யாரிடமும் வசூலிக்க முடியாது. முழு வரி கட்டினாலும் லாபம் நிற்குமா என்று ஆர்டர் போடும் முன்பே ஒரு தடவை கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான். நிற்காது என்றால், அந்த வியாபாரமே அடுத்தவர் கொடுத்த தாளின் மேல் நிற்கிறது.

தவறு நடந்திருப்பது தெரிந்துவிட்டால் நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பது மோசமான யோசனை. உள்நோக்கம் இல்லாத தவற்றில் நோட்டீசுக்கு முன்பே வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை. மறைப்புக் குற்றச்சாட்டோடு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டி முடித்தால் அபராதம் 15 சதவீதம். ஆணை வந்த பிறகு 30 நாளுக்குள் என்றால் 25. அதையும் தவறவிட்டால் 100. கிளியரன்ஸ் முடிந்த பில்லைத் தாமாகவே திருத்திக்கொள்ள 2025 நிதிச் சட்டம் 18ஏ என்ற பிரிவையும் சேர்த்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் கிளியரிங் ஏஜென்டின் ஆலோசனை மட்டும் போதாது; சுங்க வழக்கு தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஏஜென்டின் லைசென்சும் அதே பில்லோடு கட்டுண்டிருக்கிறது. அவர் கவலையும் இறக்குமதியாளர் கவலையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கும் இது கண்ணாடிப் பிம்பம்தான். மணலியிலிருந்து துபாய்க்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சலுகையோடு சரக்கு அனுப்புபவர், சீனத் தகட்டை வாங்கி வளைத்து இந்தியப் பொருள் என்று சான்று கேட்டால், அங்கிருந்து சரிபார்ப்புக் கடிதம் இங்கே வரும். அப்போது செலவுக் கணக்கை எடுத்துவைக்க வேண்டியவர் அவர்.

கடைசியாகக் கோப்பு. சான்று, ஃபார்ம் ஒன் தகவல், விற்பவரின் கடிதங்கள், பி.எல்., பெட்டிப் பயணத்தின் அச்சுப்படி ஆகிய எல்லாவற்றையும் பி.ஈ. தேதியிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. திருவொற்றியூர் உப்புக்காற்றில் பீரோவே துருப்பிடிக்கும், தாளைக் கேட்கவே வேண்டாம். ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. வேலையை விட்டுப் போன ஊழியரின் செல்போனில் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் உரையாடல் ஆதாரக் கணக்கில் சேராது. கோப்பின் முதுகில் பி.ஈ. எண்ணோடு அதை அப்புறப்படுத்தக்கூடிய தேதியையும் எழுதிவைக்கலாம். 2026 ஜனவரியில் போட்ட பி.ஈ. என்றால் 2031 ஜனவரி. வழக்கு எதுவும் நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை.